லோங்காங்கில் மோட்டார் போடக் கிளம்பி இரண்டு நீல டிரம்மில் வந்து நின்ற கதை

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி பிளாக்குக்குப் பின்னால் இருக்கும் சமூகத் தோட்டத்துக்கும் காலாங் ஆற்றுக்கும் நடுவில் ஒரு நடைபாதை, இடுப்பளவு கம்பித் தடுப்பு, அவ்வளவுதான். ஆறு என்று பெயர் இருந்தாலும் போத்தோங் பாசிர் பக்கம் அது சிமெண்டுக் கரை கட்டிய பெரிய கால்வாய், வீட்டில் நாங்கள் அதை லோங்காங் என்றுதான் சொல்வோம். தோட்டத்தில் பன்னிரண்டு பாத்தி. வெண்டை, கங்கோங் கீரை, பாகல், மிளகாய், பண்டான் (ரம்பை), செராய் (எலுமிச்சைப் புல்), மூலையில் வெட்டி வெட்டி ஆள் உயரத்துக்கு மேல் போகாமல் வைத்திருக்கும் ஒரு முருங்கை. தண்ணீர்க் குழாய் மட்டும் தோட்டத்தில் கிடையாது. அறுபது மீட்டர் தள்ளி பிளாக்கின் கீழ்த்தளத்தில் ஒரு குழாய், அதற்குப் பூட்டு, சாவி பொறுப்பாளர் அக்கா வீட்டில், அக்கா காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போய்விடுவார். ஏழு மணிக்குள் சாவி வாங்கி, பத்து லிட்டர் பூவாளியைத் தூக்கிக்கொண்டு பன்னிரண்டு நடை நடந்துவிட்டு நானும் வேலைக்குக் கிளம்ப வேண்டும். இரண்டு வருடம் அப்படித்தான் ஓடியது.

நான் மன்னார்குடிப் பக்கம் பிறந்து வளர்ந்தவன். வாய்க்காலில் தண்ணீர் போவதைப் பார்த்தால் மண்வெட்டியைத் தேடுகிற கை இது. காலில் தடுக்கும் தூரத்தில் ஒரு ஆறே ஓடும்போது பூவாளி தூக்குவது எனக்கு ஒரு மாதிரி அவமானமாகவே இருந்தது. அதைவிட, ஊரில் சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு மண்டையில் ஏறிய ஒரு வசனம் உண்டு, 'தண்ணி எல்லாம் வீணா கடலுக்குப் போகுது' என்று. மழை பெய்து லோங்காங் நுரைத்துக்கொண்டு ஓடும் ஒவ்வொரு தடவையும் கம்பியைப் பிடித்து நின்று இதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

சரி, மோட்டார் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். முதலில் அளவு. கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி இறக்கிப் பார்த்ததில் கம்பித் தடுப்பின் அடியிலிருந்து நீர்மட்டம் மூன்று மீட்டர் அறுபது சென்டிமீட்டர் கீழே. மழை இல்லாத நாளில் எடுத்த அளவு இது, அடைமழையில் ஒரு மணி நேரத்தில் இது பாதியாகும். மேலே மோட்டாரை வைத்து உறிஞ்சுவதாக இருந்தால் ஏழு மீட்டர் வரை பிரச்சினை இல்லை (காற்றழுத்தக் கணக்குப்படி பத்து மீட்டர் சொச்சம் வரை போகலாம், ஆனால் குழாய் உராய்வு, இணைப்பில் நுழையும் காற்று எல்லாம் போக நடைமுறையில் ஏழுதான்). உறிஞ்சும் மோட்டாருக்கு அடியில் புட்வால்வு (தண்ணீர் திரும்ப இறங்காமல் பிடிக்கும் வால்வு) வேண்டும், ஒவ்வொரு தடவையும் முதல் தண்ணீர் ஊற்ற வேண்டும், இலையும் பிளாஸ்டிக் பையும் வந்து வலையை அடைக்கும். அதனால் தண்ணீருக்குள்ளேயே முங்கிக் கிடக்கும் 12 வோல்ட் சின்ன மோட்டார் ஒன்றை இணையத்தில் 28 வெள்ளிக்கு வாங்கினேன். பெட்டியில் மணிக்கு 800 லிட்டர், அதிகபட்ச உயரம் 5 மீட்டர் என்று போட்டிருந்தது.

இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் படிக்கக் கூடாது என்பது வாங்கிய பிறகுதான் உறைத்தது. 800 லிட்டர் வருவது உயரமே ஏறாதபோது, 5 மீட்டர் உயரத்தில் வருவது பூச்சியம். நடுவில் என்ன வரும் என்று பார்க்க எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி வீடு) பிளாக்கைவிட நல்ல சோதனைக்கூடம் கிடையாது, ஒரு மாடிக்கு இரண்டு மீட்டர் எண்பது என்று அளவு சுத்தமாக இருக்கும். ஞாயிறு காலை கீழ்த்தளத்தில் ஒரு பெரிய வாளி நிறையத் தண்ணீர் வைத்து, பழைய கார் பேட்டரியோடு மோட்டாரை அதில் போட்டு, குழாயைப் படிக்கட்டு வழியாக இரண்டாம் மாடிக்கு ஏற்றினேன் (இங்கே கீழ்த்தளமே முதல் மாடி). பத்து லிட்டர் வாளி நிரம்ப இரண்டு நிமிடம் இருபது வினாடி. இன்னும் சில படி ஏறி மூன்றே முக்கால் மீட்டரில் பிடித்தபோது ஐந்து நிமிடம். அதாவது மணிக்கு 120 லிட்டர். இரண்டாம் மாடி மலாய் ஆன்ட்டி கதவைத் திறந்து, வீட்டில் தண்ணீர் வரவில்லையா என்று கேட்டார், இல்லை இது ஆராய்ச்சி என்றேன், கதவைச் சாத்திக்கொண்டார்.

120 லிட்டர் என்பது எனக்கு நல்ல செய்தி. பன்னிரண்டு பாத்தியும் சேர்த்து சுமார் 30 சதுர மீட்டர், வெயில் நாளில் சதுர மீட்டருக்கு 4 லிட்டர் ஊற்றினால் கங்கோங் வாடாது என்பது என் அனுபவக் கணக்கு, அப்படியென்றால் ஒரு நாளைக்குச் சரியாக 120 லிட்டர். ஒரு மணி நேரம் மோட்டார் ஓடினால் வேலை முடிந்தது. அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் மோட்டாரை வைத்துக்கொண்டு இதை விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் உயர்நிலை இரண்டில் படிக்கும் மகள் கேட்டாள். "அப்பா, அந்தத் தண்ணி எங்க போகுதுன்னு நினைச்சீங்க?"

"கடலுக்கு."

"கடல் வாயைத்தான் மூடிட்டாங்களே."

கடல் வாயை மூடிய அந்த மரினா அணைக்கட்டை நான் பத்துத் தடவையாவது பார்த்திருக்கிறேன். அதன் புல்கூரையில் பட்டம் விட்டிருக்கிறேன். அது 2008-இல் திறந்ததும், 2010 நவம்பரில் மரினா நீர்த்தேக்கம் நன்னீர்த் தேக்கமாகச் செயல்படத் தொடங்கியதும் தெரியும். ஆனால் லோயர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் கிளம்பி பீஷான், தோ பாயோ வழியாக எங்கள் தோட்டத்தைத் தொட்டுக்கொண்டு போகும் இந்தத் தண்ணீர் போய்ச் சேரும் காலாங் படுகையும் அதே நீர்த்தேக்கத்தின் ஒரு பகுதிதான் என்பதை நான் இணைத்துப் பார்த்ததே இல்லை. அந்த ஒரு தேக்கத்துக்கு மட்டும் தண்ணீர் வரும் பரப்பு 10,000 ஹெக்டர், தீவில் ஆறில் ஒரு பங்கு. மொத்தமாகப் பார்த்தால் சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கில் விழும் மழை சாக்கடைகள், கால்வாய்கள் என்று கிட்டத்தட்ட 8,000 கிலோமீட்டர் வழியாகப் போய் 17 நீர்த்தேக்கங்களில் சேர்கிறது. கழிவுநீருக்கு வேறு குழாய், மழைநீருக்கு வேறு வழி. இந்த ஊரில் லோங்காங் என்பது சாக்கடை இல்லை, குடிதண்ணீர்க் குழாயின் மூடி இல்லாத நுனி. நான் வீணாகப் போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது என் வீட்டுக் குழாய்க்குப் போகும் தண்ணீரைத்தான்.

திங்கட்கிழமை, தண்ணீரையும் வடிகாலையும் பார்க்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்துக்கு போன் போட்டுக் கேட்டேன். கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. மழைநீர் வடிகால் அமைப்பைப் பாதிக்கும் எந்த வேலைக்கும் அனுமதி வேண்டும், கால்வாய்க்குள் குழாய் இறக்குவதும் அதில் சேர்த்திதான், தோட்டத்துக்கு என்றால் வேறு வழி பாருங்கள் என்று பதில். அதோடு மோட்டார் கனவு முடிந்தது. 28 வெள்ளி மோட்டார் இப்போது மகளின் மீன்தொட்டியைக் கழுவும் நாளில் மட்டும் வேலை செய்கிறது.

அனுமதி ஒரு பக்கம். அந்தத் தண்ணீர் செடிக்கு ஆகுமா என்ற கேள்வியும் இருந்தது. பீஷான் அங் மோ கியோ பூங்காவில் இதே ஆற்றின் சிமெண்டுக் கரையை உடைத்து, 2.7 கிலோமீட்டர் நேர்க்கால்வாயை 3 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக 2012-இல் மாற்றிவிட்டார்கள், அங்கே படியில் இறங்கித் தண்ணீரைத் தொடலாம். மழை வந்தால் சைரன் அடிக்கும், சிவப்பு விளக்கு எரியும், ஓடி மேலே வந்துவிட வேண்டும். ஒரு சனிக்கிழமை அங்கே போய் உப்பளவு காட்டும் பேனா மீட்டரை முக்கிப் பார்த்தேன். லிட்டருக்கு 94 மில்லிகிராம் என்று காட்டியது. 450-க்குக் கீழே இருந்தால் எந்தப் பயிருக்கும் கவலை இல்லை என்பார்கள், ஆகவே உப்புக் கணக்கில் அது அருமையான தண்ணீர். ஆனால் இந்த மீட்டர் காட்டுவது கரைந்த உப்பை மட்டும். கார் நிறுத்துமிடத்து எண்ணெய், யாரோ தரை கழுவிய சோப்பு, புறா எச்சம், எலி மூத்திரம் எதுவும் அதில் தெரியாது. பச்சையாகச் சாப்பிடும் கீரைக்குப் பாய்ச்சும் தண்ணீரில் நூறு மில்லிக்கு 1,000 மலக்கிருமிக்கு மேல் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 1989-இல் ஒரு அளவு வைத்தது, அதைப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டும். நிறம் இல்லை, வாசம் இல்லை, சுத்தம்தான் என்று முடிவு செய்வதெல்லாம் ஊர் வாய்க்காலிலேயே தப்பு. பல வீட்டுக் கூரையும் ரோடும் கழுவி வரும் தண்ணீரில் கேட்கவே வேண்டாம்.

தோட்டத்தில் என் பக்கத்துப் பாத்திக்காரர் எழுபது தாண்டிய சீன அங்கிள். போத்தோங் பாசிர் என்றால் மலாயில் மணல் வெட்டுவது. மணல் தோண்டிய இடம், அப்புறம் காய்கறித் தோட்டங்கள், அப்புறம்தான் வீவக வீடுகளும் எம்ஆர்டி ரயிலும் எங்கள் சிவதுர்க்கா கோயிலுக்குப் பக்கத்துப் பேருந்து நிறுத்தமும். அங்கிளின் அப்பாவுக்கு இங்கே கீரைத் தோட்டம் இருந்ததாம். தோளில் ஒரு கம்பு, இரண்டு முனையிலும் நீள மூக்கு வைத்த பூவாளி, குட்டைக்குள் இறங்கி இரண்டையும் ஒரே முக்கில் நிரப்பிக்கொண்டு பாத்திக்கு நடுவே நடந்தால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தண்ணீர் விழும். நான் போன் போட்ட கதையைச் சொன்னபோது ரொம்ப நேரம் சிரித்தார். "தம்பி, அப்போ நாங்க ஆத்துல எடுத்தோம். டிசம்பர் வந்தா ஆறு வந்து தோட்டத்தையே எடுத்துக்கும்." 1977-இல் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் சுத்தம் செய்யும் பத்தாண்டு வேலை தொடங்கி, பன்றிப் பண்ணை, வாத்துப் பண்ணை, கரையோரக் கடைகள் எல்லாம் அகற்றப்பட்டதை அவர் வேறு குரலில் சொன்னார். அதைப் பற்றி அவரிடம் நான் மேலே கேட்கவில்லை. ஆனால் வேலைக்கு உருப்படியான வார்த்தையைக் கொடுத்தவரும் அவர்தான். கருவிகள் வைக்கும் கொட்டகையின் தகரக் கூரையைக் காட்டி, "லோங்காங்குல விழறதுக்கு முன்னாடி பிடி," என்றார்.

கூரை 3 மீட்டருக்கு 2.4 மீட்டர், 7.2 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர், இதைவிட எளிமையான கணக்கு உலகத்தில் இல்லை. 20 மில்லிமீட்டர் பெய்தால் 144 லிட்டர், சிதறல், முதல் கழுவல் போக 120 கையில் நிற்கும். இங்கே வருடச் சராசரி 2,113 மில்லிமீட்டர், 171 நாள் மழை. பொறுப்பாளர் அக்காவிடம் கேட்டேன், அவர் மேலே யாரிடமோ கேட்டு இரண்டு வாரம் கழித்துச் சொன்னார்: கூரையைத் தொடலாம், கொசு ஒன்று வந்தாலும் டிரம் வெளியே. நியாயமான நிபந்தனை. 2020-இல் 35,000 பேருக்கு மேல் டெங்கி வந்த ஊர் இது, கொசு அதிகாரிகள் வந்து பூந்தொட்டித் தட்டைத் தூக்கிப் பார்ப்பார்கள், புழு இருந்தால் வீட்டுக்கு அபராதம் 200 வெள்ளியிலிருந்து தொடங்கும்.

இணையத்தில் 200 லிட்டர் நீல டிரம் இரண்டு, ஒன்று 25 வெள்ளி. முன்னால் உள்ளே என்ன இருந்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள். விற்றவர் பழச்சாறு என்றார், மூடியைத் திறந்ததும் லிச்சி வாசனை அடித்தது, நம்பினேன். ரசாயனம் இருந்த டிரம்மை எத்தனை தடவை கழுவினாலும் காய்கறிக்கு வேண்டாம். பிளாஸ்டிக் கட்டர், அதாவது கூரை விளிம்பில் தண்ணீரை வாங்கும் வாரி, மூன்று மீட்டர். 75 மில்லிமீட்டர் பிவிசி குழாய், வளைவு, டி (மூன்று வழி இணைப்பு), மூடி. ஒரு மில்லிமீட்டர் கண் உள்ள துருப்பிடிக்காத கம்பி வலை. எல்லாம் சேர்த்து 140 வெள்ளிக்குப் பக்கத்தில் வந்தது. வாரிக்கு மூன்று மீட்டரில் இரண்டு சென்டிமீட்டர் சரிவு கொடுத்தேன், கண்ணளவில் வைக்காமல் நூல் கட்டி வைத்தால் ஒரே தடவையில் முடியும்.

கூரையில் விழும் முதல் தண்ணீர் தூசியும் எச்சமும்தான், அதை டிரம்முக்குள் விடக் கூடாது. இறங்கு குழாயில் ஒரு டி போட்டு, கீழ்நோக்கி ஒரு மீட்டர் குழாயை மூடி போட்டுத் தொங்கவிட்டேன். 75 குழாயில் ஒரு மீட்டருக்கு 4.4 லிட்டர் பிடிக்கும், என் கூரைக்கு முதல் அரை மில்லிமீட்டர் மழை 3.6 லிட்டர், ஆகவே அழுக்கு எல்லாம் அதில் இறங்கி நிரம்பிய பிறகுதான் நல்ல தண்ணீர் டிரம்முக்குப் போகும். மழை விட்டதும் அது தானாகக் காலியாக வேண்டுமே என்று மூடியில் 2 மில்லிமீட்டர் ஓட்டை போட்டேன். பெரிய அறிவாளித்தனம் என்று நினைத்தேன். முதல் மழையில் டிரம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக நிரம்பியிருந்தது, ஏன் என்று புரியவில்லை, இரண்டாவது மழையில் குடை பிடித்து நின்று அளவுக் குவளையில் பிடித்துப் பார்த்தால் அந்த ஓட்டை வழியாக நிமிடத்துக்கு அரை லிட்டர், மணிக்கு 30 லிட்டர், மழை பெய்துகொண்டிருக்கும் நேரம் முழுக்கப் போய்க்கொண்டே இருக்கிறது. தூறல் நாளில் வருவதெல்லாம் அதிலேயே போய்விடும். ஓட்டையை அடைத்துவிட்டு, திருகு மூடி போட்டு, சொட்டுச் சொட்டாக வடிகிற அளவுக்கு மட்டும் தளர்த்தி வைத்தேன். இப்போது காலியாக ஒரு இரவு ஆகிறது. ஆகட்டும்.

டிரம்மில் குழாய் மாட்டும் வேலையில்தான் இரண்டு சனிக்கிழமை போனது. பக்கவாட்டில் ஓட்டை போட்டு டேங்க் கனெக்டர் (டிரம் சுவரில் குழாயை இணைக்கும் துண்டு) வைத்தேன். வாஷரை வெளியே போட்டிருந்தேன், ஒழுகியது. உள்ளே போட வேண்டும், தண்ணீர் அழுத்தம்தான் அதை ஓட்டையோடு சேர்த்து அழுத்தும். உள்ளே போட்டும் ஒழுகியது, ஏனென்றால் டிரம் வளைவு, வாஷர் தட்டை. சிலிக்கான் பூசினேன், இரண்டு நாள் நின்று மறுபடி கசிந்தது, இந்த வகை பிளாஸ்டிக்கில் சிலிக்கான் ஒட்டவே ஒட்டாது. அதற்குள் அஸ்திவாரமும் காட்டிக்கொடுத்தது. நான்கு சிமெண்டுக் கல்லை மண்மேல் அப்படியே அடுக்கி வைத்திருந்தேன், நிரம்பிய இரண்டு டிரம் 400 கிலோ, ஒரு நல்ல மழைக்குப் பிறகு ஒரு பக்கம் மூன்று சென்டிமீட்டர் இறங்கி, டிரம் இரண்டும் கள் குடித்தவன் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டிருந்தன. அடியில் நடைபாதைப் பலகைக்கல் இரண்டு போட்டு, அதன்மேல் கல் அடுக்கி, அறுபது சென்டிமீட்டர் உயரத்தில் மறுபடி நிறுத்தினேன்.

மூன்றாவது பிரச்சினைதான் பெரிய பிரச்சினை. ஒன்பதாவது நாள் மகள் டிரம்மைப் பார்த்துவிட்டு "அப்பா, மேல எதோ நெளியுது," என்றாள். உள்ளே போகும் வழி, வெளியே வரும் வழி, எல்லாவற்றுக்கும் வலை போட்டிருந்தேன். புழு இருந்தது டிரம்முக்கு உள்ளே இல்லை, டிரம்மின் தலையில். மூடிய வகை டிரம்மின் மேல்பக்கம் விளிம்பைவிடக் கொஞ்சம் பள்ளமாக இருக்கும், மழை பெய்தால் அங்கே ஒரு தட்டுத் தண்ணீர் நிற்கும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏழு நாள் போதும். நான் உள்ளே இருக்கும் 200 லிட்டருக்குக் காவல் போட்டுவிட்டு வெளியே இருந்த அரை லிட்டரை விட்டுவிட்டேன். உடனே துடைத்து, தேய்த்து, விளிம்பைச் சுரண்டினேன், ஏனென்றால் காய்ந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், அடுத்த மழைக்குப் பொரிக்கும். அக்காவுக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போனேன். "இன்னைக்கு நான் பாக்கல, நாளைக்குப் பாப்பேன்," என்றார்.

அந்த இரவு யோசித்ததில் ஒரே மாற்றத்தில் இரண்டு வியாதியும் போனது. டிரம்மைத் தலைகீழாக நிறுத்தினேன். மேலே இருக்கும் இரண்டு திருகுமூடியும் இப்போது அடியில் வந்துவிட்டன. அந்த மூடியின் நடுவில் முக்கால் அங்குல மரை ஏற்கெனவே இருக்கிறது, மெல்லிய தோல் மாதிரி மூடியிருக்கும் பிளாஸ்டிக்கை வெட்டி எடுத்தால் போதும், டெஃப்லான் டேப் சுற்றி ஒரு வளைவும் குழாய்த் திறப்பானும் திருகினேன். ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. இரண்டு டிரம்மையும் அடியிலேயே குழாயால் இணைத்ததில் மட்டமும் தானாக ஒன்றாகிவிட்டது. என் டிரம்மின் அடிப்பாகம் நடுவில் சற்று மேடு, ஓரத்தில் தண்ணீர் வடியச் சின்னச் சின்னப் பள்ளம் வெட்டிவிட்டேன், தண்ணீர் நிற்பதில்லை. இதை முதலிலேயே செய்திருந்தால் ஒரு டியூப் சிலிக்கான், இரண்டு கனெக்டர், ஒரு மானக்கேடு மிச்சம்.

பாய்ச்சுவதற்குச் சொட்டுநீர்க் குழாய் வாங்கி வைத்திருந்தேன், அதுவும் வீண். கடையில் விற்கும் சொட்டுவான்கள் ஒரு பார் அழுத்தத்துக்குச் செய்தவை, அதற்குப் பத்து மீட்டர் உயரத்தில் டிரம் இருக்க வேண்டும். என்னுடையது நிறைந்திருக்கும்போது ஒன்றரை மீட்டர், குறையக் குறைய அறுபது சென்டிமீட்டர். சொட்டுவான்களைப் பிடுங்கிவிட்டு, 16 மில்லிமீட்டர் குழாயில் அடுப்பில் காய்ச்சிய ஆணியால் ஓட்டை போட்டு, அருகில் இருக்கும் நான்கு பாத்திக்கு விட்டிருக்கிறேன். மற்ற எட்டுக்கும் பூவாளிதான், ஆனால் அறுபது மீட்டர் நடை ஆறு மீட்டராகிவிட்டது, சாவியும் வேண்டாம்.

பிப்ரவரி வந்தபோது டிரம்மின் யோக்கியதை தெரிந்தது. 400 லிட்டர் மூன்று நாளுக்கும் கொஞ்சம் கூடத்தான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து காய்கிற மாதம் அது. 2014-இல் ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள் மழை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை, பதிவில் அவ்வளவு நீண்ட வறட்சி இல்லை என்றார்கள், அப்போது தீவு முழுக்கப் புல் வைக்கோல் நிறத்துக்குப் போனது எனக்கு நினைவிருக்கிறது. மறுபடி அப்படி வந்தால் நாலாவது நாள் காலை சாவிக்கு அக்கா வீட்டு வாசலில்தான் நிற்க வேண்டும்.

தண்ணீரைக் கூட்ட முடியாது, தேவையைக் குறைக்கலாம். மண்பானையைப் பாத்தியில் புதைத்தால் தண்ணீர் அதன் வழியாக வேருக்கு மெல்லக் கசியும். பொங்கலுக்கு லிட்டில் இந்தியா கேம்பல் லேனில் வாங்கிய பானை வீட்டில் இரண்டு, பக்கத்து பிளாக் தமிழ்க் குடும்பங்களில் கேட்டதில் இன்னும் ஐந்து வந்தது, பொங்கல் முடிந்தால் அதை என்ன செய்வது என்று எல்லாருக்கும் குழப்பம்தான். அடிமட்டும் கரி, வெளியே மஞ்சளும் சிவப்பும் வண்ணம். அந்த வண்ணம் இருந்தால் தண்ணீர் கசியாது, உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து மண் தெரிய எடுத்துவிட வேண்டும். ஒரு இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் நல்ல பானை, வியர்க்காத ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கழுத்துவரை பாத்தியில் புதைத்து, நிரப்பி, மூடியை மண் வைத்து அடைத்தேன், மூடாத பானை கொசுவுக்குத் தொட்டில். வெண்டைக்கும் மிளகாய்க்கும் இரண்டு நாளைக்கு ஒரு தடவை நிரப்பினால் போதுமாயிருந்தது. கங்கோங்குக்கு ஒன்றும் நடக்கவில்லை, அது சேற்றில் நிற்கப் பிறந்த செடி, அதற்குப் பானையின் சிக்கனம் எல்லாம் செல்லாது. மேலே காய்ந்த இலையை நான்கு விரல் கனத்துக்குப் பரப்பியதுதான் எல்லாப் பாத்திக்கும் உதவியது.

காசுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனைவி சொல்வாள். ஏப்ரல் 2025 முதல் வீட்டுத் தண்ணீர் கனமீட்டருக்கு 3 வெள்ளி 24 காசு, ஜிஎஸ்டி தனி. தோட்டத்துக்கு ஒரு நாளைக்கு 120 லிட்டர் என்றால் 39 காசு. கோப்பிக் கடையில் ஒரு கோப்பிக்குக்கூடக் காணாது. என் கூரையில் வருடம் முழுக்க விழும் அத்தனை துளியையும் பிடித்தாலும் 15,000 லிட்டர், 49 வெள்ளி. பிடிக்க முடியாதவை போக 140 வெள்ளியைத் திரும்ப எடுக்க நாலு வருடம் ஆகும், மோட்டாரையும் வீணான சொட்டுவானையும் சேர்த்தால் அதைப் பேசவே வேண்டாம். பணம் மிச்சமாகும் என்று யாராவது டிரம் வைக்கக் கிளம்பினால் தயவுசெய்து வேண்டாம். எனக்கு மிச்சமானது காலை நாற்பது நிமிடமும் தோள்வலியும்.

இன்னொரு விஷயமும் மகள் சொல்லிவிட்டாள், கொட்டகைக் கூரையில் விழுவதும் நான் பிடிக்காவிட்டால் லோங்காங்குக்குத்தானே போயிருக்கும், அப்படியென்றால் நீங்களும் நீர்த்தேக்கத்திலிருந்துதானே எடுக்கிறீர்கள் என்று. பதில் இல்லை. 400 லிட்டர்தான்மா என்றேன்.

கடைசியாக ஒன்று பாக்கி இருக்கிறது. நிரம்பி வழியும் குழாயை 20 மில்லிமீட்டரில் போட்டுவிட்டேன், அது தப்பு. போன செவ்வாய் விடியற்காலை சுமாத்ரா பக்கமிருந்து வரும் சூறைக்காற்றோடு அடித்த மழையில் அதன் வலையில் முருங்கை இலை அடைத்து, தண்ணீர் பின்னால் ஏறி வாரி வழியாகக் கொட்டகைக்குள் கொட்டி, அங்கிளின் உரமூட்டை ஊறிப்போனது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஊறிய மூட்டையை என் பாத்தி ஓரத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். 40 குழாயும் பெரிய வலைத்தொப்பியும் வாங்கி வைத்திருக்கிறேன், வரும் சனிக்கிழமை மாற்ற வேண்டும். முருங்கையை அதற்கு முன்னால் கழிக்க வேண்டும்.